லோரி பேட்டரியில் ஓடிய கடிகாரம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை தேடிப் போகவில்லை. ஈப்போவில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருப்பவன் நான். நிலாவில் நேரம் எப்படி ஓடும் என்று ஒரு ஞாயிறு பதிப்புக்கு எண்ணூறு சொல்லில் கட்டுரை கேட்டிருந்தார்கள். எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. தெரிந்தவர் யாராவது உண்டா என்று நாலு பேரிடம் விசாரித்ததில் சுபத்ராவின் தொலைபேசி எண் கிடைத்தது.

சுபத்ராவுக்கு நாற்பத்தொரு வயது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். இப்போது மலைக்குக் கீழே சமவெளியில், நேரத்தை அளக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. (கூடத்தின் பெயரைப் போட வேண்டாம் என்றார். தோட்டத்தின் பெயரையும்தான்.) நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"பூமி இழுக்குது பாருங்க சார், அந்த இழுப்புக்குள்ள எவ்வளவு ஆழமா இருக்கமோ அவ்வளவுக்குக் கடிகாரம் மெதுவா ஓடும். மேல போகப் போக வேகமாகும். அது ஒண்ணு. இன்னொண்ணு, ஓடிக்கிட்டே இருக்கிற கடிகாரம் நிக்கிற கடிகாரத்தவிட மெதுவா ஓடும். நிலாவுக்கு ரெண்டு கணக்கையும் சேர்த்துப் போடணும்."

பூமியின் பிடியிலிருந்து அவ்வளவு தூரம் விலகியதால் நிலாக் கடிகாரம் நாளொன்றுக்கு அறுபது மைக்ரோ வினாடி முந்தும். மைக்ரோ வினாடி என்பது ஒரு வினாடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் வரும் ஒரு துண்டு. நிலாவின் சொந்த ஈர்ப்பும், அது ஓயாமல் ஓடும் ஓட்டமும், அங்கேயும் எட்டுகிற பூமியின் மிச்சப் பிடியும் சேர்ந்து அதில் நாலைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். கையில் நிற்பது ஐம்பத்தாறு. ஐம்பது வருஷம் போனால் ஏறக்குறைய ஒரு வினாடி.

"இதுக்கு நிலாவுக்குத்தான் போகணும்னு இல்ல. நம்ம மலை மேல ஏறுனாலே வித்தியாசம் வரும். நாங்களே பாத்தோம். போன நவம்பர்ல கடிகாரத்தத் தூக்கிக்கிட்டுப் போயி கேமரன்ல பத்து நாள் வெச்சிருந்தோம்."

கட்டுரைக்கு இது போதும். போனை வைப்பதற்கு முன் மரியாதைக்காக ஒன்று கேட்டேன். வேறு மலைகள் பக்கத்தில் இருக்கும்போது ஏன் கேமரன்?

அந்தப் பக்கம் அவர் எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது.

"அங்கதான் ரூம் கிடைச்சுச்சு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். ஒரு மணி நேரம் பேசினார். கட்டுரை அச்சாகிவிட்டது. அந்த ஒரு மணி நேரம்தான் என்னை உட்கார விடவில்லை.

2

எழுதிப் பார்த்து அடித்த தொடக்கங்கள்:

நிலாவில் ஒரு கடிகாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. அப்படியானால் அது —

(வேண்டாம். ஆளில்லாத இடத்தில் எனக்குக் கதை நகராது.)

பனி விலகிய தேயிலைச் சரிவுகளின் மேல் காலை வெயில் —

(இதுவும் வேண்டாம். ஊரைக் காட்டும் நாட்காட்டிப் படங்களுக்குக் கீழே எழுதுகிற வரி.)

தான் செய்தது தப்பு என்று சுபத்ராவுக்குத் தெரிந்தேயிருந்தது —

(இது உண்மை. ஆனால் இதை இரண்டாம் பத்தியிலேயே சொல்லிவிட்டால் வாசிப்பவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுவார்.)

மூன்று நாள் இப்படிப் போயிற்று. எழுந்து நடப்பேன், உட்காருவேன், ஒரு வரி எழுதுவேன், அடிப்பேன். கடைசியில் ஒரு வேன் வந்து நிற்பதிலிருந்து தொடங்குவதென்று முடிவு செய்தேன். வேன் வந்து நின்றது நிச்சயம். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

(ஒரு குறிப்பு. இனிமேல் சுபத்ராவை அவள் என்றும் அவருடைய தம்பியை அவன் என்றும் எழுதப் போகிறேன். நேரில் இருவருமே எனக்கு அவர்தான். கதைக்குள் அந்த 'ர்' இடைஞ்சலாக இருக்கிறது.)

3

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆய்வுக்கூடத்து வேன் தோட்டத்து ஆயாக்கொட்டகை வாசலில் வந்து நின்றது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதற்காகக் கட்டிய கொட்டகை அது. இப்போது மலையில் கொழுந்து வெட்டுபவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளை வேறு தேசங்களில் விட்டுவிட்டு வந்தவர்கள். கொட்டகை பூட்டிக் கிடந்தது. சிமெண்டுத் தரை, அதிர்வு இல்லை, மின்சாரம் உண்டு. மானேஜர் பத்து நாளுக்குத் தர ஒப்புக்கொண்டார்.

சாவியோடு நின்றவன் அவள் தம்பி வேலப்பன்.

அவனைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகப் போகிறது. தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன். காதோரம் நரைத்திருந்தான்.

"வா," என்றான். முன்பெல்லாம் 'வாக்கா' என்பான்.

வேனை ஓட்டி வந்த ரயன் ஆய்வுக்கூடத்து இளைய ஊழியன். அவனும் வேலப்பனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். பழைய வீடியோ பெட்டிகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல ஒரு சாம்பல் நிறப் பெட்டி. முப்பது கிலோ. முள் கிடையாது, டிக் டிக் கிடையாது. எண்கள் ஓடும் சின்னத் திரை ஒன்று, பச்சை விளக்கு ஒன்று.

அதற்கு ஒரே ஒரு சட்டம்தான். நிறுத்தக் கூடாது. மின்சாரம் போனால் கூடவே வந்த இருபத்து நாலு வோல்ட் பேட்டரிப் பெட்டி ஆறு மணி நேரம் தாங்கும். அதுவும் தீர்ந்தால் கடிகாரத்துக்கு உள்ளேயே இருக்கும் பேட்டரி நாற்பத்தைந்து நிமிஷம். அதற்குப் பிறகு எண்ணிக்கை அறுந்துவிடும். எவ்வளவு முந்தியது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

ரயன் அன்று மத்தியானமே வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். பத்தாம் நாள் வருவான்.

சாயங்காலம் வேலப்பனின் மனைவி கங்கா, தேயிலைத் தொழிற்சாலை வேலை முடிந்து நேராகக் கொட்டகைக்கு வந்தாள். கைகளில் இன்னும் தேயிலை வாசனை.

"அண்ணி, இதுல மணி எங்க?"

"இந்தா, இந்த நம்பர்தான். மணி பாக்கிறதுக்கு இல்ல கங்கா. கீழ ஆபீஸ்ல இருக்கிற கடிகாரத்தவிட இது மேல இருக்கிறதனால எவ்ளோ முந்துதுன்னு பாக்கிறதுக்கு."

"எவ்ளோ முந்தும்?"

"ஒரு வினாடிய நூறு கோடித் துண்டா நறுக்கினா, ஒரு நாளைக்குப் பதினாலு துண்டு."

கங்கா பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"அதுக்குப் பத்து நாள் அனுப்பி வெச்சாங்களா உங்கள? நல்ல வேலைதான் லா."

சுபத்ரா சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

4

கடிகாரம் அசையாமல் இருக்க வேண்டும். சுபத்ராவுக்கு அசையாமல் இருக்கத் தெரியாது.

மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்க வேண்டும், பச்சை விளக்கைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மிச்ச நேரமெல்லாம் கொட்டகையின் நீளத்தை நடந்து தீர்த்தாள். பதினேழு அடி போய்ப் பதினேழு அடி வந்தாள். கதவைத் திறந்து மலையைப் பார்த்தாள், மூடினாள். ஒருநாள் மத்தியானம் பிரிஞ்சாங் டவுன் வரை போய்வரலாம் என்று கிளம்பி, தோட்டத்துக் கேட்டைத் தாண்டியதும் கடிகாரம் நின்றுவிட்டது போலத் தோன்றி, மூச்சு வாங்க ஓடி வந்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இரவில் தம்பி வீட்டில் படுக்கை. கங்கா தொழிற்சாலையில் இருப்பதால் தோட்டம் கொடுத்திருக்கும் லயத்து வீடு, தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. வேலப்பன் தோட்டத்து வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. கோலா தெர்லாவில் நிலம் எடுத்துக் கிரிசாந்திமம் பூ போடுகிறான். இருட்டுவதற்கு முன் வந்தால், பூந்தோட்டத்து விளக்குகளைப் போட மறுபடி ஓடுவான். அக்காவிடம் அவன் பேசுவது எல்லாம் கங்காவின் வழியாகத்தான்.

"அக்காவுக்கு இன்னொரு தோசை வை."

"அக்காவுக்குச் சுடுதண்ணி வேணுமான்னு கேளு."

ஐந்தாம் நாள் மட்டும் கொஞ்சம் பேச்சு வந்தது. ஏன் பூவுக்கு விளக்கு என்று சுபத்ரா கேட்டாள்.

"பொழுது சின்னதானா இந்தப் பூவு மொட்டு வெச்சிரும். தண்டு நீளாது. நீளாட்டி டவுன்ல எடுக்க மாட்டான். அதனால இருட்டுன பொறவு லைட்ட போட்டு, இன்னும் பகல்தான்னு நெனைக்க வெக்கணும். தண்டு வேணுங்கிற அளவுக்கு வந்ததும் லைட்ட நிறுத்துனா மொட்டு வரும்."

"அப்ப நீயும் நேரத்தோடதான் விளையாடுற."

"நான் பூவ ஏமாத்துறேன்," என்றான் வேலப்பன், தட்டைப் பார்த்தபடி. "நீ யார ஏமாத்துற?"

கங்கா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். யாரும் கேட்டிருக்கவில்லை.

5

அந்தக் கடைசி வரியில் எனக்கு நம்பிக்கை இல்லை. கதைக்காகவே செய்து வைத்த வரி போல இருக்கிறது. அவன் அப்படித்தான் சொன்னான் என்று சுபத்ரா உறுதியாகச் சொல்கிறார். வேலப்பனோ, "நான் அப்படிலாம் பேசுற ஆள் இல்ல சார்," என்கிறார். (கம்போங் ராஜாவில் ஒரு கடையில் அவரைச் சந்தித்தேன். அதைப் பற்றிப் பிறகு.) மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் திரும்ப எழுதினேன். இருக்கட்டும். அவன் சொல்லாவிட்டாலும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

இனி அவள் செய்ததைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று, பிப்ரவரி. நோய்த்தொற்றுக் காலம். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகப் போலிஸ் அனுமதிக் கடிதம் வேண்டும். ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் அம்மா வடிவம்மாள் லயத்து வீட்டில் இறந்துபோனார். நோய்த்தொற்று இல்லை, மூளையில் இரத்தக் கசிவு. அன்றே அடக்கம் என்று வேலப்பன் போன் செய்தான்.

சுபத்ராவுக்கு அரை மணி நேரத்தில் கடிதம் கிடைத்துவிட்டது. கிளம்பிவிட்டாள். மலையடிவாரத்தில், சிம்பாங் பூலாய் சாலைத் தடுப்பில் ஒரு போலிஸ்காரர் கடிதத்தை வாங்கிப் படித்தார், தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார், திரும்பி வந்து போகச் சொன்னார். மேலதிகாரியைக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். மலை ஏறத் தொடங்கினாள். சாலையில் வேறு வண்டியே இல்லை.

பாதி மலையில், ஒரு வளைவில், வண்டியை ஓரம் கட்டினாள். அப்போது மணி இரண்டு முப்பத்தேழு. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வண்டியைத் திருப்பினாள்.

மூன்று மணிக்குத் தம்பிக்குப் போன் போட்டாள். "பர்மிட் கிடைக்கல தம்பி."

"சரிக்கா," என்றான்.

அதுதான் அவன் அவளை அக்கா என்று நேராகக் கூப்பிட்ட கடைசித் தடவை.

6

எட்டாம் நாள். முந்தின நாளிலிருந்தே மழை. பகல் பன்னிரண்டுக்குக் கொட்டகையில் விளக்கு அணைந்தது. எங்கோ மண் சரிந்து மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டது என்று தோட்டத்துக் குமாஸ்தாவின் கிராணி ஆபீசில் சொன்னார்கள். சரிவு கோலா தெர்லாவுக்கு அந்தப் பக்கம், சாலையும் அடைபட்டிருக்கிறது. கரண்டு வர நாளைக்கு ஆகலாம், மறுநாளும் ஆகலாம்.

பேட்டரிப் பெட்டி வேலை செய்தது. பச்சை விளக்கு எரிந்தது. சுபத்ரா கணக்குப் போட்டாள். சாயங்காலம் ஆறு வரை. தொழிற்சாலை ஜெனரேட்டரிலிருந்து கொட்டகைக்கு வயர் கிடையாது, இயந்திரங்கள் அதிரும் அங்கே கடிகாரத்தை வைக்கவும் முடியாது. ரயனுக்குப் போன் போட்டாள். சாலை அடைபட்டிருக்கும்போது அவன் மட்டும் எப்படி வருவான்.

நாலரை மணிக்கு வேலப்பன் நனைந்துபோய் வீட்டுக்கு வந்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, கால் கழுவாமல் மறுபடி பூந்தோட்டத்துக்கே கிளம்பப் போனான். கங்காதான் அவனைக் கொட்டகைக்கு அழைத்து வந்தாள்.

"எத்தன மணி நேரம் தாங்கும்?" வேலப்பன் பெட்டியைப் பார்த்துக் கேட்டான்.

"ஆறு மணி வரைக்கும். அப்புறம் முக்கால் மணி நேரம்."

"நம்ம பூந்தோட்டத்துல ஜெனரேட்டர் இருக்கு. அங்கேர்ந்து கழட்ட முடியாது, சிமெண்டுல பதிச்சது. இதத்தான் அங்க தூக்கிட்டுப் போவணும்."

"அளந்துகிட்டு இருக்கிறப்ப இத அசைக்கக் கூடாது."

"நின்னா பரவால்லியா?"

அவள் யோசிப்பதற்குள் அவன் தன் பிக்கப் வண்டியைப் பின்பக்கமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

(இந்த இடத்தில் ஒரு வாசகர் கேட்பார்: பிக்கப்பின் பேட்டரியிலேயே மாட்டக் கூடாதா? நானும் கேட்டேன். பிக்கப்பில் இருப்பது பன்னிரண்டு வோல்ட். கடிகாரத்துக்கு இருபத்து நாலு வேண்டும்.)

பேட்டரிப் பெட்டியை மழையில் பிக்கப்பின் திறந்த பின்தட்டில் வைக்க முடியாது, பின்சீட்டிலும் இடமில்லை. அதற்குள் கரண்டு வந்துவிடலாம் என்று, அது தன் உயிரை விடும்வரை காத்திருந்து, ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அதைக் கழற்றினார்கள். கிளிப் வைத்த வயரை மட்டும் சுபத்ரா பைக்குள் போட்டுக்கொண்டாள். பின்சீட்டில் கம்பளி விரித்துக் கடிகாரத்தை வைத்தார்கள். அவள் பக்கத்தில் ஏறி அதைக் குழந்தையை அணைப்பது போல —

(அடித்துவிட்டேன். அவள் அப்படி அணைக்கவில்லை. ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள்.)

கோலா தெர்லாவுக்கு இருபத்தைந்து நிமிஷம் போதும். வேலப்பன் மெதுவாகத்தான் ஓட்டினான். பள்ளம் வந்தால் முன்கூட்டியே, "பள்ளம்," என்றான். திரிங்காப் ஊரைத் தாண்டும் வரை எல்லாம் சரியாக இருந்தது. தாண்டியதும் ஒரு வளைவில், கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு விளக்குகள் வரிசையாக நின்றிருந்தன. எல்லாம் காய்கறி லோரிகள். சரிவில் வழி திறக்கக் காத்துக்கொண்டு ஒன்றும் நகரவில்லை.

வேலப்பன் இன்ஜினை அணைத்தான்.

இருபத்து மூன்றாவது நிமிஷம்.

7

முப்பதாவது நிமிஷமும் போயிற்று. சுபத்ரா கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். தலையை வெளியே நீட்டி வரிசையைப் பார்த்தாள். எட்டு நாள். ஒவ்வொரு மணிக்கும் குறித்த நோட்டுப்புத்தகம் மடியில் கிடந்தது. நிலாவுக்கென்று நேரம் வகுக்கும் வேலையில் அவள் கூடத்தையும் சேர்த்துக்கொள்வார்களா என்பதே இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவாகப் போகிறது. ஆனால் அப்போது அவள் நினைத்துக்கொண்டிருந்தது அதுவல்ல. இந்தச் சாலையில், இவனுக்குப் பக்கத்தில், தான் இரண்டாம் தடவையும் வந்து சேராமல் போகப் போகிறோம் என்று நினைத்தாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இருபத்து நாலு வோல்ட்டுதான வேணும்னு சொன்ன?" என்றான் வேலப்பன் திடீரென்று.

"ஆமா."

அவன் இறங்கி முன்னால் நின்ற லோரியிடம் போனான். கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ் ஏற்றிய பெரிய லோரி. கதவைத் தட்டினான். ஓட்டுநர் இறங்கினார். அறுபதை நெருங்கியவர், தலையில் துண்டு. வேலப்பனுக்குத் தெரிந்தவர்தான், கம்போங் ராஜாவில் வீடு, முருகையா என்று பெயர்.

"அண்ணே, ஒங்க லோரி பேட்டரி வேணும். கழட்ட வேணாம். ஒரு வயர மட்டும் மாட்டிக்கிறோம்."

"என்னா சாமான் அது?"

"அக்காவோட கடிகாரம். நிலாவுக்குப் போவுது."

அது நிலாவுக்குப் போகவில்லை. சுபத்ரா திருத்தவில்லை. வெளியாள் ஒருவரிடம் அவன் சொன்ன அக்கா என்ற சொல்லில் அவள் நின்றுவிட்டாள்.

முருகையா பின்சீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பச்சை விளக்கு இப்போது மஞ்சளாகியிருந்தது.

"கரண்டு நெறைய குடிக்குமா?"

"இல்லண்ணே. ஒரு பழைய பல்பு அளவுக்குத்தான்," என்றாள் சுபத்ரா.

"அப்ப குடிச்சிட்டுப் போவட்டும் லா. நானும் இங்கதான நிக்கிறேன்."

அவர் லோரியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டு, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருந்தது. வேலப்பன் பிக்கப்பை லோரிக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தினான். சுபத்ரா எது சிவப்பு எது கறுப்பு என்று இரண்டு தடவை பார்த்தாள். மாட்டினாள்.

விளக்கு பச்சையாயிற்று. அவள் மணியைக் குறித்தாள். முப்பத்தொன்பதாவது நிமிஷம்.

வயரின் நீளம் ஒன்றரை மீட்டர். லோரி நகர்கிற வரைக்கும் அவர்கள் அங்கிருந்து அசைய முடியாது.

8

மழை விட்டுவிட்டது. முருகையா முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க நடந்து போனார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக அந்த நேரத்துக்குப் பள்ளத்தாக்கில் பூந்தோட்டங்கள் ஒவ்வொன்றாக விளக்குப் போடும். அன்று கீழே ஒன்றுமில்லை. வேலப்பன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு மைல்தான. நடந்து போயி ஜெனரேட்டரப் போடு தம்பி. நான் இங்க பாத்துக்கிறேன்."

"ஒரு ராத்திரி போனா ஒண்ணும் ஆவாது."

(இது பொய். மூன்று வாரம் கழித்து கங்கா சுபத்ராவிடம் போனில் சொன்னாள். அந்த வாரம் மேகமூட்டம் வேறு. ஒரு பாத்தி முழுவதும் குட்டைத் தண்டில் மொட்டு வைத்துவிட்டது. கட்டுப் பூவாகப் போக வேண்டியதை உதிரிப் பூவாகக் கோயிலுக்கு அனுப்பினார்கள்.)

"போ தம்பி."

"ஒன்ன இங்க தனியா விட்டுட்டுப் போவ மாட்டேன்."

சுபத்ரா பிக்கப்பின் படியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு எனக்குப் பர்மிட் கிடைச்சிச்சு," என்றாள்.

வேலப்பன் திரும்பவில்லை.

"தெரியும்."

"எப்படி?"

"லெட்டர்ல செத்தவங்க வீட்டு நம்பர் போட்டிருந்தியே. ஒன்னே முக்காலுக்குப் போலிஸ் எனக்குத்தான் போன் பண்ணான். ஒங்க அக்கா வர்றாங்களா, அம்மா உண்மையா எறந்துட்டாங்களான்னு கேட்டான். ஆமா சார், விடுங்கன்னேன்."

கீழே எங்கோ ஒரு நாய் குரைத்தது. அவள் வயரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வந்துருவேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். மூணு மணிக்கு நீ போன் பண்ற, பர்மிட் கிடைக்கலன்னு. சரின்னு வெச்சிட்டேன். என்னா சொல்றது. எல்லாரும் கேட்டாங்க. அக்காவுக்குப் பர்மிட் கிடைக்கல, எடுத்துருவோம்னு சொன்னேன்."

காலில் ஒட்டியிருந்த சேற்றைச் சாலையோரத்தில் தேய்த்தான்.

"ஆனா எடுக்கல. நாலு மணி வரைக்கும் வெச்சிருந்தேன். பெருசுங்கள்லாம் சத்தம் போட்டாங்க, இருட்டிப் போயிரும்னு. ஒருவேள நீ மனசு மாறி வந்துட்டீன்னா, வந்து பாக்கிறப்ப இல்லாம போயிருமேன்னு."

சுபத்ரா அழுதாள் என்று எழுத வேண்டிய இடம் இது. அவள் அழவில்லை. எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "ஏன்னா, நான் அன்னிக்கு —"

"வேணாம்," என்றான். "வயரு கழண்டுருச்சான்னு பாரு."

வயர் கழன்றிருக்கவில்லை. இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள்.

ஒன்பது மணிக்குச் சாலையில் ஒரு பக்கம் திறந்தது. அதற்குள் கடிகாரத்தின் உள்பேட்டரியும் நிரம்பியிருந்தது. முருகையா வயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "நிலாவுல போயி நல்லா ஓடணும்," என்று பெட்டியைத் தட்டப் போனார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்கள்.

9

நடந்தது இவ்வளவுதான். முடித்துவிடலாம். ஆனால் என்னால் மேஜையைவிட்டு எழ முடியவில்லை.

முதலில் இதற்கு வேறொரு முடிவு எழுதியிருந்தேன். கடிகாரம் நாற்பத்தைந்தாவது நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. பச்சை விளக்கு அணைந்த இருட்டில் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சுபத்ராவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"சார், அது நின்னிருந்தா நான் ஒங்ககிட்டப் பேசியே இருக்க மாட்டேன். எட்டு நாள் வேல போனா ஒருத்தர் மனசு தொறந்து பேசுவாங்கன்னு யாரு சொன்னா?"

அவர் சொன்னது சரி. அந்தப் பக்கங்களைக் கிழித்தேன்.

கடிகாரம் மிச்ச நாட்களைப் பூந்தோட்டத்துக் கொட்டகையில் கழித்தது. அந்த இடம் தேயிலைத் தோட்டத்தைவிடத் தாழ்வு. அதற்கான திருத்தத்தையும், லோரி ஓரம் நின்ற நேரத்துக்கான திருத்தத்தையும் சுபத்ரா தனித்தனியாகப் போட்டிருக்கிறார். வண்டி ஓடிய ஓட்டத்தால் வந்த தாமதம் கணக்கில் வைக்கவே தேவையில்லாத அளவு. பத்து நாளுக்கும் சேர்த்து எதிர்பார்த்தது நூற்று நாற்பது நானோ வினாடி (கங்காவிடம் சொன்ன அந்த நூறு கோடித் துண்டுகள்தான்). கிடைத்தது நூற்று முப்பத்தாறு. பிழை எல்லைக்குள் வருகிறது என்றார். நிலா வேலையில் அவர்கள் கூடத்துக்கும் ஒரு சிறு பங்கு வந்திருக்கிறது.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. வேலப்பனைச் சந்தித்தபோது எட்டாம் பகுதியை வாசித்துக் காட்டினேன். கோப்பியை ஆறவிட்டுக் கேட்டார்.

"அக்கா முதல்ல சொல்லல சார். நான்தான் ஆரம்பிச்சேன். நாலு மணி வரைக்கும் வெச்சிருந்தோம்னு நான் சொன்ன பொறவுதான் அவங்க பர்மிட்டப் பத்திச் சொன்னாங்க."

சுபத்ராவிடம் கேட்டேன். இல்லை, நான்தான் முதலில் சொன்னேன் என்றார். முருகையா அப்போது அங்கே இல்லை. யார் முந்தினார்கள் என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது. சுபத்ராவின் பக்கம் நின்று கதை சொல்லி வந்ததால் அவர் சொன்னபடியே விட்டிருக்கிறேன். வேலப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. "அவங்க மொதல்ல சொன்னதாவே இருக்கட்டும்," என்றார்.

10

அன்று சுபத்ரா ஏன் திரும்பினார் என்பது மட்டும் மிச்சம்.

இரண்டு முப்பத்தேழு என்று நிமிஷம் தவறாமல் சொல்கிறவருக்கு ஏன் என்று சொல்ல வரவில்லை. நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் பதில் சொன்னார். லயத்துக்கு நோயைக் கொண்டு போய்விடுவோமோ என்று பயந்ததாக ஒரு தடவை. அம்மாவுக்கும் தனக்கும் கடைசியாக நடந்த சண்டையைப் பற்றி ஒரு தடவை. மூன்றாவது தடவை, "தெரியல சார். கை திருப்பிருச்சு," என்றார். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். முதலாவது அவரை நல்லவராக்கியது, இரண்டாவது பாவப்பட்டவராக்கியது, மூன்றாவதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியவில்லை. மூன்றுமே உண்மை போலத்தான் இருக்கின்றன.

கம்போங் ராஜாக் கடையிலிருந்து கிளம்பும்போது வேலப்பனிடம் கேட்டேன்.

"அக்கா என்னிடம் காரணம் சொல்லியிருக்கிறார். உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் பிக்கப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பின்சீட்டில் பூக்கட்டுகள்.

"வேணாம் சார். தெரிஞ்சா அது சரியா தப்பான்னு நான் பாப்பேன். இப்பத்தான் வீட்டுக்கு வரப் போவ இருக்காங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதனால் அந்த வரியை நான் எழுதி முடிக்கவில்லை. இப்படி விட்டிருக்கிறேன்:

அன்று சுபத்ரா பாதி மலையில் வண்டியைத் திருப்பியதற்குக் காரணம் (                              ).

உங்களுக்குத் தோன்றுவதை உள்ளே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் வர வேண்டிய நாளில் வராமல் போனவர் ஒருவர் இருப்பார். அவருக்கு எதை எழுதுவீர்களோ அதையே இவருக்கும் எழுதலாம். என்னிடம் காட்டினால் நான் திருத்தப் பார்ப்பேன், அதனால் காட்ட வேண்டாம். வேலப்பனிடமும் காட்ட வேண்டாம். அவர் கேட்கவில்லை.